மஅபர் கரையில் இரண்டு இரவுகள்

பூமியில் பயணம் செய்து, முன்னிருந்தவர்களின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கும்படி திருமறை மனிதனைப் பல இடங்களில் அழைக்கிறது. அவ்வாயத்துகளை மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்து விளக்கமும் சொல்லி வந்த நாம், அவ்வழைப்பு நமக்கும் உரியது என்று எண்ணிப் பார்த்ததில்லை. பஸராவையும் பக்தாதையும் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்த நமக்கு, ஊரிலிருந்து அரை நாள் பயணத்தில் இருக்கும் நம் கடற்கரைப் பட்டினங்களை நின்று பார்க்கும் வாய்ப்பு, ஐம்பது வயது கடந்த பின்னரே கிட்டியது. அதுவும் நாம் திட்டமிட்டுச் சென்றதன்று.

சென்ற ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வீடு திரும்பி உணவருந்தி எழுந்த வேளையில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் நம் நண்பர். உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் அவரைப் புலவர் என்பர். நாமும் அவ்வாறே அழைப்போம். சைவக் குடும்பத்தில் பிறந்து திருமுறை ஓதி வளர்ந்தவர். இருபது ஆண்டுகளாக மாலை வேளைகளில் அவர் நமக்குப் பழந்தமிழ் நூல்களும், நாம் அவருக்கு அரபு நூல்களும் படித்துப் பொருள் சொல்வது வழக்கம்.

“ஹஜரத், மகனுடைய வண்டி இரண்டு நாள் சும்மா நிற்கிறது. கடற்கரையோரமாகவே தெற்கே போவோம். எங்கே இருட்டுகிறதோ அங்கே படுப்போம். ஞாயிறு இரவு திரும்பிவிடலாம்” என்றார்.

நம் வீட்டார் கதவுக்குப் பின்னிருந்து, “இந்த வயசுல ரெண்டு பேருக்கும் மணல்ல படுக்கிற ஆசை வந்துடுச்சாக்கும்” என்று சிரித்தார்கள். ஆயினும் அவலும் சர்க்கரையும் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு பாய், இரண்டு போர்வை, ஒரு தார்ப்பாய், குடிநீர், ஒரு டார்ச் விளக்கு ஆகியவற்றை வண்டியில் ஏற்றினோம். புறப்படும் நேரத்தில் அலமாரியிலிருந்து ஒரு கிதாபையும் எடுத்துப் பையில் வைத்துக் கொண்டோம். அது இப்னு பதூதாவின் ‘ரிஹ்லா’. கடற்கரைக்குப் போகிறவனுக்கு அதைவிடப் பொருத்தமான துணை வேறில்லை என்றுதான் அப்போது நினைத்தோம்.

தான்ஜா நகரில் 1304இல் பிறந்து, 1325இல் ஹஜ்ஜை நாடி வீட்டைவிட்டுப் புறப்பட்ட அப்பெரியார், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகைச் சுற்றியவர். தாம் கண்டவற்றை ஃபாஸ் நகரில், மரீனிய அரசர் அபூ இனானின் ஆணைப்படி இப்னு ஜுஸை என்னும் எழுத்தாளரிடம் சொல்லி எழுதுவித்தார். அந்நூல் நிறைவுற்ற ஆண்டு 1355. அவர் நம் கரையில் வந்து இறங்கியது ஹிஜ்ரி 745, அதாவது கி.பி. 1344ஆம் ஆண்டில். அரபிகள் அன்று இக்கரையை ‘மஅபர்’ என்றனர். ‘அபர’ என்றால் கடந்தான் என்று பொருள். மஅபர் என்பது கடந்து செல்லும் இடம், துறை என்பதாகும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியதும் ஊர்ப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், கோட்டைப்பட்டினம், எஸ்.பி. பட்டினம். “பட்டினம் பட்டினமாகவே போகிறதே!” என்றார் புலவர். அரபு மொழியில் ‘ப’ ஓசை இல்லாமையால் பட்டனம் என்ற நம் சொல்லை அவர்கள் ‘ஃபத்தன்’ என்று எழுதினர் என்பதைச் சொன்னோம். நம்முடைய சொல்லை அவர்கள் நாவில் ஏற்றிக் கொண்டு யமன் வரை சென்றிருக்கிறார்கள் என்று அவர் மகிழ்ந்தார்.

தொண்டியில் மஃரிப் தொழுதுவிட்டு மேலும் சிறிது தூரம் சென்றோம். பனைமரங்கள் கூட்டமாக நிற்கும் ஒரு கரையைக் கண்டதும், இங்கேயே தங்கலாம் என்று புலவர் வண்டியைச் சாலையிலிருந்து இறக்கினார். பத்து முழம் போவதற்குள் பின்சக்கரங்கள் மணலில் புதைந்தன. முடுக்க முடுக்க இன்னும் ஆழமாக இறங்கின. இருட்டில் இரண்டு முதியவர்கள் ஒரு காரைத் தள்ளிப் பார்த்த காட்சியை வாசகர்கள் கற்பனை செய்து கொள்ளட்டும்.

வலைகளை உலர்த்திக் கொண்டிருந்த மீனவர் நால்வர் விளக்கைக் கண்டு ஓடி வந்தனர். காய்ந்த பனை மட்டைகளைச் சக்கரத்தின் கீழே செருகி, ஒரே மூச்சில் வண்டியைக் கெட்டித் தரைக்கு ஏற்றினர். நாம் இரவு தங்கப் போவதை அறிந்ததும், அவர்களுடன் வந்த மூதாட்டி ஒருவர், “பாய், வெறும் மணல்ல படுக்காதீங்க, ஈரம் ஏறும். ஓலை தாரேன்” என்று கீற்றுகளைக் கொண்டு வந்து பரப்பினார். தார்ப்பாயை இரண்டு பனைகளுக்கு இடையே அவர்களே கட்டிக் கொடுத்தனர். சற்று நேரத்தில் ஒரு சட்டியில் மீன் குழம்பும், சோறும், சுட்ட பனம்பழமும் வந்து சேர்ந்தன. பணம் கொடுக்க முயன்றபோது அவர்கள் முகம் சுளித்ததைக் கண்டு, கையை இழுத்துக் கொண்டோம்.

அவர்கள் சென்ற பின், பனம்பழத்தின் நாரைச் சப்பிக் கொண்டிருந்த நாம் திடுக்கிட்டுப் பையைத் திறந்து கிதாபை எடுத்தோம். இலங்கையிலிருந்து புறப்பட்டு இக்கரைக்கு வரும் வழியில் இப்னு பதூதாவுக்கு நேர்ந்ததும் இதுவேயன்றோ! டார்ச் விளக்கின் ஒளியில் அரபியைப் படித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினோம்.

காற்று கடுமையாகி, கப்பலுக்குள் நீர் புகுந்தது. மாலுமிக்கு வழி தெரியவில்லை. ஆழமற்ற நீரில் கப்பல் சிக்கியது. பாய்மரத்தை வெட்டினர். கட்டைகளைப் பிணைத்துத் தெப்பமாக்கி, தம்முடன் வந்த பெண்களையும் தோழர்களையும் அதில் அனுப்பிவிட்டு, இப்னு பதூதா கப்பலின் பின்புறத்திலேயே இரவு முழுதும் அமர்ந்திருந்தார். விடிந்ததும் கரையிலிருந்து சிலர் படகில் வந்து அவர்களை மீட்டனர். பெரியதொரு காட்டில் தங்க வைத்தனர். தர்ப்பூசணி போன்ற ஒரு பழத்தைக் கொடுத்தனர். அதனுள்ளே பஞ்சு போன்ற பகுதியும், தேன் போன்ற சாறும் இருந்தன. அச்சாற்றிலிருந்து சர்க்கரை போன்ற ஒரு பண்டம் செய்கின்றனர் என்றும், அதன் பெயர் ‘தால்’ என்றும் எழுதுகிறார். நல்ல மீனும் கொடுத்தனர். அவ்வாறு மூன்று நாட்கள் அங்கே தங்கினார்.

“தாலம் என்பது பனையன்றோ!” என்று புலவர் எழுந்து உட்கார்ந்தார். “ஹஜரத், நம் பனம்பழத்தை அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மேற்கு நாட்டார் தின்று எழுதி வைத்திருக்கிறார்!” சிறிது நேரம் கழித்து, “படகில் வந்து காப்பாற்றியவர்கள் யார் என்று நூல் கூறுகிறது?” என்று கேட்டார்.

“அவ்வூர் மக்கள்” என்றோம்.

அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. நூலில் உள்ள சொல் ‘குஃப்ஃபார்’. இஸ்லாத்தை ஏற்காதவர்கள் என்பதற்கு அக்கால நூலோர் வழங்கிய சொல் அது. நண்பரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல நா எழவில்லை. சொல்லை மென்மையாக்கியதில் தவறில்லை என்று மனத்தைத் தேற்றிக் கொண்டு உறங்கினோம். ஆயினும் அம்மென்மையால் ஒன்று மறைந்து போயிற்று. உயிரைக் காத்தவர்கள் தம் மார்க்கத்தவர் அல்லர் என்பதை இப்னு பதூதா சொல்லியே எழுதுகிறார். அந்நன்றியின் எடை அச்சொல்லில்தான் இருக்கிறது. அதை நாம் நண்பரிடமிருந்து மறைத்துவிட்டோம்.

மறுநாள் தேவிபட்டினத்தையும் இராமநாதபுரத்தையும் கடந்து பெரியபட்டினம் சென்றோம். ரிஹ்லாவில் ‘ஃபத்தன்’ என்று வரும் பெருந்துறைமுகம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலர் கொண்டுள்ள முடிவு. வேறு பட்டினங்களைச் சுட்டுவோரும் உளர். 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழ்ந்து பார்த்தனர். ஜப்பானிய வரலாற்று அறிஞர் நொபொரு கராஷிமாவும் இவ்வூரை ஆராய்ந்தார். பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் துண்டுகள் இங்கே ஏராளமாகக் கிடைத்தன. சீனத்துக் கலங்களும் அரபுக் கலங்களும் வந்து தங்கிய துறை இது என்பதற்கு மண்ணே சாட்சி கூறிற்று. இன்று அங்கே கப்பல் இல்லை. மீன்பிடி படகுகளும், மணலும், பனைகளும், அமைதியும் உள்ளன.

கடலுக்கு அருகே ஒரு தோப்பின் ஓரத்தில், உரிமையாளரிடம் கேட்டுக் கொண்டு இரண்டாம் இரவுக்குத் தார்ப்பாயைக் கட்டினோம். மஃரிபுக்குப் பின் புலவர் தாமாகவே விளக்கைப் பிடித்துக் கொண்டு, “நேற்று விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்” என்றார்.

தொடர்ந்தோம். அந்நாளில் மதுரையை ஆண்டவர் ஸுல்தான் கியாஸுத்தீன் தாமகானி. அவரும் இப்னு பதூதாவும், மதுரை ஸுல்தானியத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸனின் மகளிர் இருவரை மணந்தவர்கள். ஆகவே இருவரும் சகலர். கரையில் இறங்கிய சகலரை அழைத்து வர ஸுல்தான் குதிரைகளையும் பல்லக்கையும் அனுப்பினார். அப்போது ஸுல்தான் படையெடுப்பில் இருந்தார். பாசறைக்குத்தான் செல்ல வேண்டும். காலில் மோஜா அணியாமல் ஸுல்தானின் முன் செல்லலாகாது என்பது அந்நாட்டு முறை. இப்னு பதூதாவிடம் மோஜா இல்லை. அங்கே முஸ்லிம்கள் பலர் இருந்தும், ஒரு காஃபிர்தான் தம்முடைய மோஜாவைக் கொடுத்து உதவினார் என்றும், அதைக் கண்டு தாம் வியந்ததாகவும் அவர் எழுதுகிறார்.

இம்முறை அச்சொல்லை மறைக்கவில்லை, உள்ளபடியே சொன்னோம். நேற்று இரவு மறைத்ததையும் சொன்னோம். புலவர் சிரித்து, “சொல்லில் என்ன இருக்கிறது ஹஜரத்? ‘மிலேச்சர்’ என்று நாங்கள் எழுதாத எழுத்தா? கொடுத்தவனை நினைத்து எழுதினாரே, அதுதான் பெரிது” என்றார்.

அச்சிரிப்பில் நாம் அடுத்த பக்கத்தின் அருகில் வந்துவிட்டதை உணரவில்லை. உணர்ந்ததும் கை தானாக இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிற்று. மதரஸாவில் இந்நூலைப் பாடமாக நடத்தும்போதும் ஒவ்வொரு முறையும் இவ்விடத்தில் இவ்வாறே புரட்டுவோம். பழகிய கை அது. ஃபத்தன் நகரத்து வருணனைக்குத் தாவினோம். கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசல், திராட்சையும் மாதுளையும் நிறைந்த தோட்டங்கள், துறைமுகத்தில் பருத்த மரங்களின்மேல் எழுப்பிய பெரிய மண்டபம், நைஸாபூரைச் சேர்ந்த முஹம்மது என்னும் இறைநேசர், அவருடன் வாழ்ந்த சிங்கம், அதன் அருகிலேயே அஞ்சாமல் உலவிய மான் என்று சொல்லிக் கொண்டே போனோம்.

புலவர் விளக்கைச் சற்றுத் தாழ்த்தினார். “ஹஜரத், நடுவில் ஒரு தாள் தப்பிற்றே?”

“இஷாவுக்கு நேரமாயிற்று. தொழுதுவிட்டு வருகிறேன்” என்று எழுந்தோம்.

செம்பில் தண்ணீர் எடுத்து ஒளுச் செய்து கொண்டிருந்தபோதுதான், நாம் சொன்ன சொல் நம்மையே சுட்டது. அத்தாளில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஒரு நாள் ஸுல்தானின் அருகில் இப்னு பதூதா இருந்தபோது கைதி ஒருவர் கொண்டு வரப்பட்டார். ஏவலர் கத்திகளை உருவினர். நடக்கப் போவதைக் காண மனமின்றி அவர் விரைந்து எழுந்தார். எங்கே போகிறீர் என்று ஸுல்தான் கேட்க, அஸர் தொழப் போகிறேன் என்றார். ஸுல்தான் புரிந்து கொண்டு சிரித்துவிட்டு, அக்கைதியின் கைகால்களை வெட்ட ஆணையிட்டார். தொழுதுவிட்டுத் திரும்பியவர் அம்மனிதரை இரத்தத்தில் புரளக் கண்டார். அன்று அவர் சொன்ன அதே காரணத்தை, அதே காட்சியிலிருந்து தப்ப, அவர் நூலைக் கையில் வைத்துக் கொண்டே நாமும் சொல்லியிருக்கிறோம்! அவராவது திரும்பி வந்து கண்டதை எழுதி வைத்தார். நாமோ அவர் எழுதியதையும் புரட்டி மறைத்து வந்தோம்.

தொழுது முடித்து வந்து, விட்ட தாளைத் திறந்து, ஒரு வரி விடாமல் படித்துப் பொருள் சொன்னோம். வாசகர்களுக்கும் அதைச் சுருக்கமாகச் சொல்வது கடமையாகிறது.

ஸுல்தானின் படை காட்டு வழியே சென்றது. வழியில் அகப்பட்ட மக்களைப் பெண்டு பிள்ளைகளுடன் பிடித்தனர். முனை சீவிய கழுமரங்களை அக்கைதிகளின் தோளிலேயே ஏற்றிப் பாசறைக்குக் கொண்டு வந்தனர். பாசறையைச் சுற்றி மரவேலி. அதற்கு நான்கு வாயில்கள். காலையில் கைதிகளை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு வாயிலிலும் அவர்கள் சுமந்து வந்த கழுவிலேயே அவர்களை ஏற்றினர். பெண்களையும், அவர்கள் மடியிலிருந்த குழந்தைகளையும் அறுத்தனர். மற்றொரு நாள் ஸுல்தானின் வலப்புறம் காழியும், இடப்புறம் இப்னு பதூதாவும் அமர்ந்து உண்ணும்போது, ஒரு கைதியும் அவர் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டு வரப்பட்டனர். மூவரின் தலைகளையும் வெட்டச் செய்தார் ஸுல்தான். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக் கொண்டார். எண்பது வயதைத் தொட்ட ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளரை 1342இல் கண்ணனூர்ப் போரில் பிடித்து, நயமாகப் பேசிச் செல்வங்களைப் பறித்துக் கொண்டு, பின்னர் கொன்று தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டதையும், தாமே அதைக் கண்டதையும் எழுதியிருக்கிறார்.

இவற்றை எழுதிய கையோடு, இத்தகைய இழிசெயலை வேறெந்த அரசரிடமும் தாம் அறிந்ததில்லை என்றும், இதன் காரணமாகவே அல்லாஹ் அந்த ஸுல்தானின் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் அவர் தீர்ப்புக் கூறுகிறார். விரைவில் மதுரையில் கொள்ளைநோய் பரவியது. ஸுல்தானும் மாண்டார். இப்னு பதூதாவுக்கும் கடும் காய்ச்சல் கண்டது. அங்கே மிகுதியாகக் கிடைத்த புளியை நீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாட்களில் அல்லாஹ்வின் அருளால் நலம் பெற்றார். புளியை அரபியர் ‘தம்ர் ஹிந்தீ’, இந்தியப் பேரீச்சை என்கின்றனர். நம் கரையின் மீனும் பனையும் அவரை வாழ வைத்தன. நம் புளி அவருக்கு மருந்தாயிற்று. அவரை வாழ வைத்த அம்மக்களைத்தான், சில நாட்கள் கழித்து, அவருடைய சகலர் கழுவேற்றியிருக்கிறார்.

படித்து முடித்ததும் நெடுநேரம் இருவரும் பேசவில்லை. கடல் அலையின்றிக் கிடந்தது. நட்பு இதனால் என்னவாகுமோ என்ற அச்சம் நம் உள்ளத்தில் இருந்ததை மறைப்பதற்கில்லை.

புலவர் மெதுவாகச் சொன்னார்: “கங்காதேவி ‘மதுரா விஜயம்’ என்று வடமொழியில் பாடியிருக்கிறாள். மதுரை ஸுல்தானியத்தை வென்ற விஜயநகரத்துக் குமார கம்பணனின் தேவி அவள். மதுரையின் துயரத்தை உருக்கமாகப் பாடுவாள். படிக்கும்போதெல்லாம், பகைவனைப் பற்றிப் பாடுகிறவள் கூட்டியும் சொல்லியிருப்பாள் என்று நினைப்பேன். இவர் அப்படியல்லவே. உறவினர், உடனிருந்து உண்டவர், பரிசும் பெற்றவர். அவர் எழுதும்போது எப்படி ஐயுறுவது?” சற்று நிறுத்திவிட்டு, “நானும் ஒன்று சொல்ல வேண்டும் ஹஜரத். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகப் பெரியபுராணம் பாடுகிறது. முப்பது ஆண்டுகள் சம்பந்தர் வரலாற்றைப் பாடம் நடத்தினேன். அவ்விடம் வந்தால் இரண்டு பாடல்களைத் தாண்டிவிடுவேன். எந்தப் பையனும் கேட்டதில்லை” என்றார்.

அவ்விரவில் நமக்குள் நிகழ்ந்தது இவ்வளவுதான். அதன்பின் அவர் பாயைவிட்டு நம் பாய் தள்ளிப் போகவில்லை.

விடியும்வரை உறக்கம் வராமல் சிந்தித்தவற்றை வாசகர்முன் வைக்கிறோம்.

முதலாவது, இத்தகைய பக்கங்களை மறைப்பது மார்க்கத்துக்குச் செய்யும் தொண்டு என்று நாம் எண்ணி வந்தோம். உண்மையில் அது மார்க்கத்துக்கு மாறானது. நீதிக்குச் சாட்சி கூறும்போது, அது நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருப்பினும் மாறாமல் கூற வேண்டும் என்பது ‘அந்நிஸா’ அத்தியாயத்தின் கட்டளை. ஹதீஸ் கலையின் இமாம்கள் இக்கட்டளையின்மீதே தங்கள் கலையைக் கட்டினர். இமாம் புகாரியின் ஆசிரியரான அலீ இப்னுல் மதீனீயிடம் அவருடைய தந்தையின் அறிவிப்புகளைப் பற்றிக் கேட்டனர். வேறு யாரிடமேனும் கேளுங்கள் என்று முதலில் ஒதுங்கினார். வற்புறுத்தியபோது தலை குனிந்திருந்துவிட்டு, இது மார்க்கம், என் தந்தை பலவீனமானவர் என்று சொல்லிவிட்டார். தந்தையைப் பற்றியே உண்மை சொன்னவர்களின் வழி வந்த நாம், தாமகான் நாட்டிலிருந்து வந்த ஒரு ஸுல்தானுக்காக வாய் மூடியிருப்பது எவ்வகையில் பொருந்தும்?

இரண்டாவது, அந்த ஸுல்தானைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கும் சட்டமும் நம்முடையதே. போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லலாகாது என்று தடுத்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஷாம் நாட்டுக்குப் படை அனுப்பியபோது முதியோரைக் கொல்லாதீர், கனி தரும் மரங்களை வெட்டாதீர் என்று எச்சரித்தவர்கள் அபூபக்கர் (ரலி) அவர்கள். இப்னு பதூதா ஒரு காழி. அச்சட்டத்தைக் கற்றவர் என்பதனாலேயே அவர் உள்ளம் அருவருத்தது. ஆனால் ஸுல்தானின் வலப்புறம் அமர்ந்து உண்டு கொண்டிருந்த மற்றொரு காழி வாய் திறந்ததாக அவர் எழுதவில்லை. கற்றவர்கள் அரசரோடு விருந்துண்ணும்போது என்ன நேர்கிறது என்பதற்கு அப்பக்கம் ஒரு பாடம். இப்னு பதூதாவும் அப்பாசறையைவிட்டு உடனே வெளியேறிவிடவில்லை. மேலும் பல நாட்கள் ஸுல்தானின் உதவியை நாடியே இருந்தார். இதையும் அவரே சொல்லித்தான் நாம் அறிகிறோம்.

மூன்றாவது, தமிழக முஸ்லிம்களின் வரலாறு வேறு, மதுரை ஸுல்தான்களின் வரலாறு வேறு. ஏறத்தாழ 1335 முதல் 1378 வரை, நாற்பது ஆண்டுகளைச் சற்றே தாண்டிய ஆட்சி அது. அதற்கு முன்பே இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். பாண்டியரின் ஆட்சியில் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்பவர் அமைச்சராக இருந்தார் என்றும், ஃபத்தன், மலீ ஃபத்தன், காயல் ஆகிய துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிக்கிறார். ஒரு தமிழ் மன்னர் தம் துறைமுகங்களின் திறவுகோலை ஒரு முஸ்லிமின் கையில் நம்பிக் கொடுத்திருக்கிறார். அந்நம்பிக்கையின் மீதுதான் நம் முன்னோர் வாணிகம் செய்தனர், பள்ளிவாசல் கட்டினர், தமிழில் காப்பியம் பாடினர். ஸுல்தானியம் மறைந்த பின்னும் அவர்கள் மறையவில்லை. இப்னு பதூதா இக்கரையைவிட்டுப் புறப்பட்டபோது, யமன் நாட்டுக்குச் செல்லும் எட்டுக் கப்பல்கள் ஃபத்தனில் நின்றன என்கிறார். அக்கப்பல்களின் வழியில் வந்தவர்கள் நாம். அந்தக் கழுமரங்களின் வழியில் வந்தவர்கள் அல்லர். ஆனால் இந்த வேறுபாட்டை உரத்துச் சொல்லும் தகுதி, கழுமரங்களை மறைக்காதவர்களுக்கே உண்டு. நாம் மறைத்தால் பிறர் எடுத்துக் காட்டுவர். அப்போது மறைத்தது எதற்கு என்ற கேள்விக்கு நம்மிடம் விடை இராது.

ஞாயிறன்று கீழக்கரையில் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலைப் பார்த்தோம். கல்தூண்களும் போதிகைகளும் திராவிடக் கட்டடக் கலையில் அமைந்தவை. புலவர் ஒரு தூணைத் தடவிப் பார்த்து, “இதைச் செதுக்கிய கை கோயிலையும் செதுக்கியிருக்கும்” என்றார். இரவு பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். தார்ப்பாயில் அப்பியிருந்த மணலை வாசலில் உதறியதற்கு வீட்டாரிடம் பேச்சும் வாங்கினோம்.

அடுத்த வாரப் பாடத்தில் ரிஹ்லாவைத் திறந்தோம். படகில் வந்தவர்களைப் பற்றியும், மோஜா கொடுத்தவரைப் பற்றியும் படித்தோம். பின்னர் அந்தத் தாளை இம்முறை புரட்டாமல் நிறுத்திப் படித்தோம். வகுப்பில் அசைவில்லை. முடிவில் ஒரு மாணவன் எழுந்து, “ஹஜ்ரத், இதைப் படித்தால் வெட்கமாக இருக்கிறதே” என்றான்.

“இருக்க வேண்டும்” என்றோம். நாணத்தை ஈமானின் ஒரு கிளையாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். வெட்கப்படத் தெரிந்த பிள்ளை அக்கிளையின் நிழலில்தான் நிற்கிறான் என்று அவனுக்கு விளக்கினோம்.

வாசக அன்பர்கள் விடுமுறை நாட்களில் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு அந்தக் கடற்கரைச் சாலையில் ஒரு முறை சென்று வர வேண்டுகிறோம். பெரியபட்டினத்தின் மணலில் அமரும்போது பிள்ளைகளிடம் எட்டுக் கப்பல்களைப் பற்றிச் சொல்லுங்கள். பனம்பழம் கொடுத்த மக்களைப் பற்றியும் சொல்லுங்கள். அவர்கள் சற்று வளர்ந்ததும், அந்த மற்றப் பக்கத்தையும் நீங்களே திறந்து காட்டுங்கள். அதை அவர்கள் முதன்முதலாக உங்கள் வாயிலிருந்து கேட்பதே நல்லது. உண்மையைச் சொல்லும் வலிமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக, ஆமீன்.